காட்டப்படாத காட்சியும் பார்வையாளரின் தீர்ப்பும்

கதைமாந்தர் ஒருவர் கொலை செய்வதை முழுமையாகக் காட்டிவிட்ட தொடரைப் பற்றிப் பார்வையாளர் சில நாள்கள் பேசுவார்கள். அவர் என்ன செய்தார் என்பதைக் காட்டாமலே அடுத்த காட்சிக்குத் தாவிவிட்ட தொடரைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் பேசுவார்கள். ஐக்கிய அமெரிக்காவில் ‘சொப்ரானோஸ்’ என்னும் தொடர், அதன் நாயகன் குடும்பத்தோடு உணவகமொன்றில் அமர்ந்திருக்கையில் திரை திடீரெனக் கறுத்துப்போவதோடு 2007 ஜூன் 10 அன்று முடிவடைந்தது; அவன் கொல்லப்பட்டானா, உயிரோடிருக்கிறானா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. இந்தியாவில் அதற்கு நிகரான வாதத்தை எழுப்பியது, ராஜ் நிதிமோரு, கிருஷ்ணா டி.கே. ஆகிய இருவரும் உருவாக்கி, அமேசன் பிரைம் தளத்தில் 2019 செப்டெம்பர் 20 அன்று வெளியான ‘தி ஃபமிலி மேன்’ என்னும் இணையத் தொடர் ஆகும். இத்தொடரின் இரண்டாம் பருவம் ஈழத் தமிழ்ப் பெண்ணொருத்தியை மையமாகக் கொண்டது என்பதாலும், தீர விசாரியாமல் வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பை எதிர்த்து வழக்குரைத்தவளையே வன்னி மக்கள் தெய்வமாக வழிபட்டு வருகிறார்கள் என்பதாலும், இந்த வாதம் வேறெந்த நிலத்தையும்விட வன்னிப் பெருநிலத்துக்கு நெருக்கமானது.

தொடரின் நாயகன் ஸ்ரீகாந்த் திவாரி, மும்பையில் இயங்கும் பயங்கரவாதத் தடுப்புப் புலனாய்வுப் பிரிவொன்றில் பணியாற்றுபவன்; அந்த வேடத்தில் மனோஜ் பாஜ்பாய் நடித்தார். பிரியாமணி நடித்த சுசித்ரா அவனுடைய மனைவி. கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தவள், பின்னர் அரவிந்த் என்னும் நண்பனோடு சேர்ந்து புதிய நிறுவனமொன்றில் பணிபுரியத் தொடங்குகிறாள். இவ்விருவரும் பணி நிமித்தம் லோனாவ்லா என்னும் மலைநகருக்குச் சென்று விடுதியில் தங்கும் இரவொன்று முதற் பருவத்தில் வருகிறது. அந்த இரவில் இருவருக்குமிடையே என்ன நடந்தது என்பதைத் தொடர் காட்டவில்லை. அதன்பின் சுசித்ராவின் முகத்தில் தெரியும் கலக்கமும், இரண்டாம் பருவத்தில் கணவனும் மனைவியும் திருமண ஆலோசகரிடம் செல்வதும், அப்பருவத்தின் இறுதியில் அவள் உடைந்தழுது கணவனிடம் எதையோ சொல்ல முற்படும் கணத்தில் காட்சி துண்டிக்கப்படுவதும் மட்டுமே பார்வையாளருக்குக் கிடைக்கும் தடயங்கள். லோனாவ்லாவில் நடந்தது என்ன என்ற கேள்வி, தொடரின் முதன்மைக் கதையான பயங்கரவாத முறியடிப்பைக்கூடப் பின்தள்ளிவிட்டு, அதைப் பார்த்த வீடுகளில் எல்லாம் கேட்கப்பட்ட கேள்வியாக மாறியது. அதைக் கேட்டவர்களுள் பலர் விடையையும் தம்மோடு வைத்துக்கொண்டே கேட்டார்கள்.

இந்த இடத்தில் பார்வையாளரின் நீதியுணர்வு செயற்பட்ட விதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஸ்ரீகாந்த் தன்னுடைய உண்மையான தொழிலைக் குடும்பத்தாரிடமிருந்து மறைக்கிறான். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நாள்தோறும் பொய் சொல்கிறான். அந்தப் பொய்கள் அனைத்தும் காட்டப்படுகின்றன. ஆயினும் அவனுடைய அலைச்சலையும் பயத்தையும் கமெரா கூடவே இருந்து காட்டுவதால், பார்வையாளர் அவனை மன்னித்துவிடுகிறார்கள். சுசித்ராவின் செயல் காட்டப்படவில்லை. அவளுடைய மனம் எந்த வழியாக அங்கு சென்றது என்பதும் அரைகுறையாகவே காட்டப்படுகிறது. ஆனால் அவளுக்குத் தண்டனை உடனே வழங்கப்பட்டுவிட்டது. காட்டப்பட்ட பொய்க்கு மன்னிப்பும் காட்டப்படாத செயலுக்குத் தண்டனையும் கிடைக்குமாயின், அந்தத் தீர்ப்பைச் செலுத்துவது சான்று ஆகாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு அளவுகோல்களை வைத்திருக்கும் பழைய வழக்கமே அதைச் செலுத்துகிறது.

இதைவிட வருத்தத்துக்குரியது, அதே முதற் பருவத்தில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டப்பட்ட பெருங்குற்றமொன்று லோனாவ்லா அளவுக்குப் பேசப்படாமற் போனமை. கரீம் என்னும் காஷ்மீரி மாணவன், அரசியல்வாதிகள் கூடும் விருந்தொன்றில் மாட்டிறைச்சியைக் கொண்டு ஓர் எதிர்ப்பைக் காட்டத் திட்டமிடுகிறான். அவனுடைய நடமாட்டத்தையும் மறைவான பேச்சையும் கண்ட புலனாய்வுப் பிரிவினர் அவன் குண்டு வைக்கப் போவதாக ஊகித்துக்கொள்கிறார்கள். அவனும் நண்பர்களும் சுடப்பட்டு இறக்கிறார்கள். அவன் பயங்கரவாதி என்ற பெயரும் அவன்மேல் தங்கிவிடுகிறது. தெளிவில்லாத காட்சியொன்றைத் தவறாக நிரப்பிக்கொண்டதால் ஓர் உயிர் போவதைத் தொடரே கதையாக்கிக் காட்டியிருக்க, பார்வையாளர்களுள் பலர் அதே தவறைச் சுசித்ராவின் விடயத்தில் செய்தார்கள்.

மனித மனம் வெற்றிடத்தை வெற்றிடமாக விட்டுவைக்க விரும்பாதது என்பதைத் திரைக்கலை தன்னுடைய இளமைக் காலத்திலேயே கண்டறிந்துவிட்டது. லெவ் குலெஷோவ் என்னும் இரஷ்ய இயக்குநர், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், மொஸ்யூகின் என்னும் நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் ஆகியவற்றின் காட்சிகளோடு மாறிமாறி ஒட்டிப் பார்த்தார். முகம் ஒன்றுதான், ஆனால் பார்த்தவர்கள் அதில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்று அச்சோதனை பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. ‘குலெஷோவ் விளைவு’ என்று திரைக்கல்வியில் இன்றும் கற்பிக்கப்படும் இதன் பொருள், ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையிலுள்ள தொடர்பைப் பார்வையாளரே கட்டுகிறார் என்பதாகும். பின்னர் 1970களில் ஜெர்மானிய இலக்கிய ஆய்வாளர் வொல்ஃப்காங் ஈசர், படைப்பாளி சொல்லாமல் விடும் இடங்களை ‘வெற்றிடங்கள்’ என வகுத்து, வாசகர் அவற்றை நிரப்பும்போதுதான் படைப்பு நிறைவு பெறுகிறது என்று விளக்கினார். இந்தக் கொள்கையைக் கேட்டுத் தமிழ் வாசகர் வியக்க வேண்டியதில்லை. உள்ளுறை, இறைச்சி என்று சொல்லாததைச் சொல்லும் முறைகளுக்குத் தொல்காப்பியமே பெயரிட்டு வைத்திருக்கிறது. எனினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பார்வையாளர் வெற்றிடத்தை நிரப்பும் பொருள் அவருடைய சொந்தக் களஞ்சியத்திலிருந்தே வருகிறது, அதில் அன்பு இருந்தால் அன்பு வரும், ஐயம் இருந்தால் ஐயமே வரும்.

ஒரு கதைமாந்தரின் செயலைப் பற்றி வாதிடுவோர், தாம் எதைப் பற்றி வாதிடுகிறோம் என்பதை முதலில் பிரித்தறிந்துகொள்வது நல்லது. கம்பன் கழக மேடைகளில் பல தலைமுறைகளாக நிகழ்ந்துவரும் வாலிவதை வழக்கில், இராமன் மறைந்து நின்று அம்பு தொடுத்தான் என்பதை எவரும் மறுப்பதில்லை; செயல் உறுதி, அதன் நியாயம்தான் வழக்கு. லோனாவ்லாவிலோ செயலே உறுதியில்லை. அங்கே நியாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது, உடல் கிடைக்காத இடத்தில் கொலைவழக்கு நடத்துவதற்கு ஒப்பாகும். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. செயல் கண்முன்னே நடக்கிறது, ஆனால் அதைச் செய்தவரின் உள்ளம் தெரியவில்லை. உள்ளம் தெரியாத இந்த நிலையே மூன்றிலும் அரியது. அதற்குச் சிலப்பதிகாரத்தின் கானல்வரிக் காட்சியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழில் இல்லை.

புகார்க் கடற்கரையில், இந்திரவிழாவின் முடிவில், கோவலன் மாதவியின் கையிலிருந்து யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் பாட்டில் வரும் பெண் வேறொருத்தியோ என்று மாதவிக்குத் தோன்றுகிறது. அவளும் யாழை வாங்கி, வேறோர் ஆடவனை எண்ணியவள் போலப் பாடுகிறாள். அது ஊடலா, விளையாட்டா, பதிலடியா, உண்மையான மனமாற்றமா? கோவலன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளை விட்டு எழுந்துபோகிறான். அவள் தாழைமடலில் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பும் முடங்கலையும் அவன் ஏற்கவில்லை. ஆடல்மகளுக்கு நடிப்பது இயல்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறான். அவளுடைய தொழிலே அவளுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் வழியாக வந்துசேரும் இரண்டாம் கடிதத்தைப் படித்த பின்னர்தான் அவள்மீது தவறில்லை, தவறு தன்னுடையதே என்று அவன் உணர்கிறான். சிலப்பதிகாரம் உலக இலக்கியத்தில் உயர்ந்து நிற்பதற்கு எத்தனையோ காரணங்கள் சொல்லப்படுகின்றன. தவறாகத் தீர்ப்பளித்தவனைக் கொண்டே அத்தீர்ப்பைத் திரும்பப் பெறச் செய்த இந்த இடம், அக்காரணங்களுள் முன்வைத்து எண்ணப்பட வேண்டியது. அதன் கொடுமை என்னவெனில், இவ்வாறு மாதவிக்கு நீதி வழங்கிய கோவலன், அடுத்த சில நாள்களில் மதுரையில், விசாரணையில்லாத மற்றொரு தீர்ப்பினால் தானே வெட்டுண்டு வீழ்கிறான்.

நாட்டார் மரபு இந்த நுட்பத்தை அப்படியே வைத்திருக்கவில்லை. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் ‘கோவலன் கதை’ போன்ற மக்கள் வடிவங்களில், மாதவி பெரும்பாலும் பொருளைப் பறிப்பவளாகவே வருகிறாள்; ஐயம் நீங்கிவிடுகிறது, அதோடு மாதவி என்னும் மனுஷியும் நீங்கிவிடுகிறாள். முள்ளியவளை முதலிய முல்லைத்தீவு ஊர்களில் ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்து இந்த மக்கள் மரபின் பக்கமே நிற்பது. விடிய விடிய ஆடப்படும் கூத்தில், வட்டமாகச் சூழ்ந்திருப்போருக்குக் கதை முன்னரே தெரியும். நல்லவரையும் கெட்டவரையும் வரவுப்பாட்டிலேயே இனங்காட்டிவிடுவது அக்கலையின் தேவை. அதைக் குறையாகக் கொள்ளலாகாது. ஆனால் கூத்தின் கண்ணோடு சிலப்பதிகாரத்தைப் படிப்பவரும், கூத்தின் கண்ணோடு இன்றைய தொடர்களைப் பார்ப்பவரும், வரவுப்பாட்டு இல்லாத இடத்தில் அதைத் தாமே பாடிவிடுகிறார்கள்.

வரலாற்றிலும் இது நிகழ்வதுண்டு. ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில், பிரித்தானியக் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31 அன்று வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்ற செய்தி கல்லில் பொறிக்கப்பட்டது. அந்த வாசகத்தில் காக்கைவன்னியனுக்கு இடமில்லை. மாவீரன் ஒருவன் எப்படித் தோற்றான் என்ற கேள்விக்குக் கல் விடை சொல்லாததால், பண்டாரவன்னியன் நாடகங்கள் அந்த விடையைக் காக்கைவன்னியனிடம் கண்டன. பண்டாரவன்னியனின் சகோதரி நாச்சியாரை மணக்க விரும்பி மறுக்கப்பட்டவன், பழிவாங்கக் காட்டிக்கொடுத்தான் என்ற கதை மேடையில் உறுதிப்பட்டு, இன்று வன்னியில் துரோகத்துக்கு அவன் பெயரே வழங்குகிறது. ஒரு படையின் பீரங்கி வலிமையைவிடத் தனிமனிதன் ஒருவனின் தீய குணம் எளிதாக மனத்தில் நிற்கும் விளக்கமாக இருப்பதால் இப்படி நேர்கிறது.

‘தி ஃபமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பருவத்தில் சமந்தா நடித்த ராஜி என்னும் பாத்திரம் இந்தச் சிக்கலை வன்னியின் வாசலுக்கே கொண்டுவந்தது. முன்னாள் போராளியாகவும், சென்னையில் தொழிலாளியாக மறைந்து வாழ்பவளாகவும், பின்னர் இந்தியப் பிரதமரைக் கொல்லும் திட்டமொன்றின் கருவியாகவும் காட்டப்படும் அவள்மீது, முன்னோட்டம் வெளியானவுடனேயே இருதரப்புத் தீர்ப்புகளும் குவிந்தன. தமிழ்நாட்டு அமைச்சர் மனோ தங்கராஜ் 2021 மே 24 அன்று ஒன்றிய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதித் தொடரைத் தடைசெய்யக் கோரினார். தொடர் ஜூன் 4 அன்று வெளியானது. முழுவதையும் பாராமல் எதிர்த்தார்கள் என்று அந்த எதிர்ப்பைத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஏனெனில் ராஜியின் தனித்துயரம் சில காட்சிகளில் சொல்லப்பட்டாலும், அவள் எந்த மண்ணிலிருந்து எத்தகைய இழப்புகளோடு வந்தாள் என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் தொடர் வைத்திருப்பது வெறுமையே. லோனாவ்லாவின் வெற்றிடம் படைப்பாளிகள் அறிந்தே விட்ட வெற்றிடம்; ராஜியின் பின்புலத்திலுள்ள வெற்றிடமோ, ஒரு மக்களின் வரலாற்றை அருகில் சென்று அறியாததால் வந்த வெற்றிடம். முன்னது கலை, பின்னது குறை. தெளிவின்மை கண்ட இடமெல்லாம் அதை ஆழம் என்று போற்றும் திறனாய்வுகள், இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறுகின்றன.

தெளிவின்மையைப் போற்றுவதற்கு இன்னோர் எல்லையும் உண்டு. அதை வன்னியில் வாழும் எவரும் மறக்க இயலாது. போரின் இறுதியில் உறவுகளைக் கையளித்துவிட்டு, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியாமல் வாழும் குடும்பங்கள், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர்போராட்டத்தில் கேட்டது ஒரே கேள்வியைத்தான். உளவியலாளர் போலீன் பொஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்ட அந்த நிலையில், முடிவு காட்டப்படாமல் இருப்பது இரசனைக்குரியதாக இருக்க முடியாது. அங்கே வெற்றிடத்தைப் பார்வையாளர் நிரப்பக் கூடாது, விசாரணைதான் நிரப்ப வேண்டும். அதே நிலத்தில், கணவனை இழந்தோ தொலைத்தோ குடும்பத்தைத் தாங்கி நிற்கும் பெண்கள் மிகப் பலர். வேலை முடிந்து பிந்தி வீடு வந்தாள், யாரோடோ தொலைபேசியில் பேசிச் சிரித்தாள் என்னும் அரைக்காட்சிகளைக் கொண்டு அவர்கள்மீது சொல்லப்படும் பேச்சு, சுசித்ராவின் மீது சொல்லப்பட்ட பேச்சிலிருந்து வேறானதன்று. சுசித்ராவுக்கு அதனால் வலிக்காது, அவள் கற்பனை. மற்றவர்களுக்கு வலிக்கும்.

ஆகவே தொடர்களைப் பற்றி வாதிடுவது வீண்வேலை என்று ஒதுக்கத்தக்கதன்று. போர்க்காலத்தில் மின்னிணைப்பை இழந்திருந்த ஊர்களில் இன்று செய்மதித் தட்டுகளும் கைத்தொலைபேசிகளும் நிறைந்துள்ளன. முன்பு கூத்துக் களரியைச் சுற்றி நிகழ்ந்த நீதி விசாரணை இப்போது வீட்டு முற்றத்தில் தொடர்களைச் சுற்றி நிகழ்கிறது. உண்மையான மனிதர் எவரையும் புண்படுத்தாமல் தீர்ப்பளித்துப் பழகுவதற்குக் கதைமாந்தர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. அந்தப் பழக்கம் நல்ல பழக்கமாக அமைய வேண்டுமாயின், வாதத்தில் இறங்குபவர் திரையில் கண்டதையும் தாம் ஊகித்ததையும் கலக்காமல் பேச வேண்டும். ஒரு பாத்திரத்தின் பின்னைய நடத்தையையும் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். கோவலன் இறந்த பின்னர் மாதவி துறவு பூண்டு, மகள் மணிமேகலையையும் அந்த வழியில் செலுத்தியமை, கடற்கரையில் அவள் பாடிய பாட்டின் உட்பொருளுக்குக் காலம் கடந்து கிடைத்த சான்று அல்லவா? மேலும், வெவ்வேறு வாய்களிலிருந்து வரும் கூற்றுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை வேண்டும். எஸ். பாலசந்தர் 1954இல் இயக்கிய ‘அந்த நாள்’ திரைப்படம், ஒரு கொலையைப் பற்றிப் பலர் சொல்லும் கதைகளை அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொரு கதையையும் பார்வையாளர் நம்பும்படி செய்து, பின்னர் அந்த நம்பிக்கையைக் கலைத்துவிடுகிறது; கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ 2004இல் ஒரே நிகழ்ச்சியை இருவர் வாய்மொழியில் இருமுறை காட்டியது. இவ்விரு படங்களையும் வரிசையாகப் பார்த்த ஒருவர், முதலில் பேசியவரை நம்பிவிடும் இயல்பு தம்மிடம் எவ்வளவு வலுவாக உள்ளது என்பதைக் கண்டுகொள்வார்.

நந்திக்கடலோரத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கூடும் மக்கள், அரசனுடைய அவசரத் தீர்ப்பை உடைத்தெறிந்தவளையே வணங்குகிறார்கள். பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டவுடன் கோவலனைக் கள்வன் என்று முடிவுசெய்த பாண்டியன், சிலம்பின் பரலைப் பார்த்திருந்தால் போதும். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். சான்றைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் பழக்கத்தை வகுப்பறையிலும் வளர்க்கலாம். இலங்கையின் உயர்தர வகுப்புகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடமாக இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பாடசாலைகளில் அதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கானல்வரிக் காட்சியையும் மாணவர்கள் அன்றாடம் பார்க்கும் தொடரொன்றின் தெளிவற்ற காட்சியையும் அருகருகே வைத்து, சான்றுகளை மட்டும் கொண்டு வழக்காடச் செய்தால், அது நடிப்புப் பயிற்சிக்கும் இலக்கியக் கல்விக்கும் ஒருசேர உதவும். அத்தகைய வழக்கொன்றில் சுசித்ரா நிறுத்தப்பட்டால், கணவனிடம் ஏதோ ஒன்றை மறைத்தாள் என்பதற்கு மேல் அவள்மீது வேறெந்தக் குற்றமும் தொடரின் முதலிரு பருவங்களில் நிறுவப்படவில்லை என்றே தீர்ப்பு எழுதப்பட வேண்டும்.